ராணியின் மூன்றாவது குட்டி

ஜூலை 9, புதன்

காலையில் ரத்த அழுத்தம் 138/84, சர்க்கரை 142. மேல்தொட்டி நிரம்ப மோட்டார் இருபத்தைந்து நிமிடம் ஓடியது. வழக்கத்தைவிட நான்கு நிமிடம் கூடுதல். வால்வைப் பார்க்க வேண்டும்.

பதினொரு மணிக்குத் தெய்வசிகாமணி வந்தார். அவர் வந்தால் முதலில் குரல் வரும், அடுத்துச் செருப்புச் சத்தம், கடைசியில்தான் ஆள். ஆனைமலைச் சாலையில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். நாற்பது வருடமாக அங்கே டாபர்மேன் வளர்க்கிறார். என் பழைய நண்பர்களில் மிச்சமிருப்பவர் அவர் ஒருவர்தான். கையில் நாய் வளர்ப்போர் சங்கத்தின் கடிதம் இருந்தது.

நாய்க்குட்டிகளின் வாலை வெட்டுவதற்குத் தடை விதிக்கும் வரைவு விதிகள் வந்திருக்கின்றனவாம். நோய், காயம் என்று மருத்துவக் காரணம் இருந்தாலொழிய வெட்டக் கூடாது. வெட்டினால் மருத்துவருக்கும் தண்டனை, வளர்ப்பவருக்கும் தண்டனை. இருபத்தெட்டாம் தேதி பொள்ளாச்சியில் கருத்துக் கேட்புக் கூட்டம். சங்கத்தின் சார்பில் நான் பேச வேண்டும் என்றார்.

“நான் எதுக்குங்க? நாலு பேர் முன்னால நின்னா எனக்கு நாக்கு ஒட்டிக்கும்.”

“நீங்க பேசவே வேண்டாம் டாக்டர். எந்திரிச்சு நின்னு, முப்பத்தெட்டு வருசம் வெட்டுனேன், என் கையில ஒரு குட்டிகூடச் செத்ததில்லைன்னு சொல்லிப்போட்டு உக்காந்துக்குங்க. மத்ததை நாங்க கத்திக்கறோம்.”

என் மனைவி மரகதம் மோர் கொண்டுவந்தாள். “வெட்டறப்ப குட்டி வீல்னு கத்துமேங்கண்ணா, அதுக்கு என்ன பதில் சொல்லுவீங்க?”

“அது வலிக்குக் கத்தறதில்லீங்க அம்மணி. குளிருக்கு. ஆத்தா சூட்டுல இருந்து தூக்கறமல்லோ? டாக்டரே சொன்னதுதான்.”

ஆம், நான் சொன்னதுதான். மூன்று நாள் குட்டிக்கு நரம்பு முற்றியிருக்காது, வலி தெரியாது என்று கல்லூரியில் எங்களுக்குச் சொன்னார்கள். பண்ணைக்காரர்களுக்குப் புரியட்டும் என்று நான் அதைக் குளிராக மாற்றினேன். ஊர் முழுக்க அது பரவிவிட்டது.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் மேல் பிழையில்லை. நான் சம்மதிக்கும்போதெல்லாம் இப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

வால்வு மாற்றியாயிற்று. கூட்டத்தைப் பற்றி நினைக்கவில்லை.

ஜூலை 12, சனி

நானே அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போய் டாக்டர் ஷபானாவைப் பார்த்தேன். நான் பதினொரு வருடம் உட்கார்ந்த அறையில் இப்போது அவர் இருக்கிறார். வரைவு விதிகளின் நகல் வேண்டும் என்று கேட்டேன். உண்மையில் எதற்குப் போனேன் என்று சரியாகத் தெரியவில்லை.

அவர் வால் வெட்டுவதே இல்லை. கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்.

“திருப்பி அனுப்பினா எங்கம்மா போவாங்க? தோட்டத்து ஆளே அரிவாளை எடுத்துருவான். நாம செஞ்சா சுத்தமாவாவது செய்வோம்” என்றேன்.

“அதுவும் நிஜம்தான் சார். போன மாசம் ஒரு குட்டி வந்துச்சு. ரப்பர் பேண்டு போட்டு விட்டிருக்காங்க, அடிவரைக்கும் அழுகிப் போச்சு. அன்னிக்கு ராத்திரி, நானே வெட்டியிருக்கலாமோன்னுதான் நெனச்சேன். காலைல எந்திரிச்சதும் அது சரின்னு தோணலை.” பிறகு கேட்டார்: “நீங்க மொத்தம் எத்தனை சார் பண்ணியிருப்பீங்க?”

“பதிவேட்டுல இருக்கும். நானூறுக்கு மேல.”

“அதுல இறப்பு?”

“ஒண்ணும் இல்லைன்னு சங்கத்துல சொல்றாங்க” என்றேன்.

அவர் என்னையே சற்று நேரம் பார்த்தார். வாசலில் சினை ஆடு ஒன்று வந்து கத்தியது. அதற்கு நன்றி சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

பேச்சை எழுதிப் பார்த்தேன். நான்கு முறை.

காவல் நாய் முள்வேலியில் நுழைந்து வரும்போது நீள வால் கிழிபடும் என்பது நம் தரப்பின் முக்கிய வாதம். என் காலத்தில் கிழிந்த வாலுக்கு வைத்தியம் பார்த்தது எத்தனை என்று யோசித்தேன். பதினொன்று நினைவுக்கு வந்தன. பெரும்பாலும் தெரு நாய்கள், அவற்றிலும் பாதி சைக்கிள் சக்கரத்தில் மாட்டியவை. பதினொன்றைக் காக்க நானூறை வெட்டினேன் என்று எழுதினால் நம் தரப்புக்கு உதவாது. அந்தப் பத்தியை அடித்துவிட்டேன்.

“ஒரு குட்டிகூட” என்ற இடத்துக்கு வரும்போது பேனாவில் மை இருக்கிறதா என்று உதறிப் பார்த்தேன். இருந்தது.

மரகதம் எட்டிப் பார்த்து, “கணக்கு சரியா இருக்கணும்னு பத்து தடவை பாக்கற ஆளு, அலமாரியில இருக்கற பதிவேட்டை எடுத்து ஒரு தடவை பாக்கலாமல்லங்க?” என்றாள்.

தூசு, எனக்குத் தும்மல் வரும் என்றேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. பாலக்காட்டுக் காற்று விடியற்காலையிலேயே கதவுகளை அடிக்கிறது.

ஏழு மணிக்குத் தெய்வசிகாமணி கூப்பிட்டார். அவருடைய டாபர்மேன் மேனகாவுக்கு வலி எடுத்துவிட்டது. முதல் பிரசவம். அவர் மகன் காரை அனுப்பினார். நான் போய்ச் சேரும்போது இரண்டு குட்டிகள் வந்திருந்தன.

மேனகா நல்ல பெண். மூன்றாவது குட்டி பின்னங்கால் முதலில் வந்து சிக்கியபோது அவள் கத்தவில்லை, என் முழங்கையை வாயால் மெல்லப் பிடித்துக்கொண்டாள். பல் படாமல். குட்டி மூச்சில்லாமல் வந்தது. துண்டில் வைத்துத் தேய்த்தேன், தலைகீழாகப் பிடித்து மூக்கிலிருந்த சளியை உறிஞ்சித் துப்பினேன். எழுபத்தாறு வயதில் செய்யும் வேலையா இது என்று ஓரத்தில் நினைப்பு ஓடியது. நிமிடம் ஒன்றரை. பிறகு கொட்டாவி விட்டதுபோல் வாயைத் திறந்தது.

“பொழைச்சுதுங்களா?” தெய்வசிகாமணி கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். ஊரையே அதட்டுகிறவர் பிரசவம் பார்க்க உள்ளே வரமாட்டார்.

“பொழைச்சுது.”

“உங்க கை டாக்டர், அது கையா! சும்மாவா சொல்றேன்?”

மொத்தம் ஏழு. நான்கு பெண், மூன்று ஆண். எல்லாவற்றுக்கும் முழு வால். ஈரத்தில் ஒட்டிக்கொண்டு எலி வால்போல் இருந்தன. மேனகா ஒவ்வொன்றையும் நக்கும்போது வால் நுனிவரை நக்கி முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனாள். இதை முன்பு நான் கவனித்ததே இல்லை.

கிளம்பும்போது அவர் சொன்னார்: “ஞாயித்துக்கிழமை மூணு நாள் ஆகுது. கத்தரியோட வந்துருங்க. அஞ்சு நாள் தாண்டிட்டா அப்புறம் மயக்க மருந்து அது இதும்பாங்க. சட்டம் வர்றதுக்குள்ள கடைசி ஈத்து. உங்க கையாலயே முடிச்சுருவோம்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 19, சனி

மருந்துக் கடைக்குப் போனேன். பாதி வழியில் எதற்கு வந்தேன் என்பது மறந்து, பழம் வாங்கித் திரும்பினேன்.

மதியம் மரகதம் தூங்கியதும் பதிவேட்டை எடுத்தேன். தும்மல் வரவில்லை.

எதையும் ஒழுங்காக எழுதும் பழக்கம் எனக்கு. தேதி, உரிமையாளர், தாய், குட்டிகளின் எண்ணிக்கை, எந்த மூட்டில் வெட்டியது, பயன்படுத்திய நூல், பின்விளைவு. முப்பத்தாறு வருடத்துக்கு முந்தைய பங்குனியில் ஒரு வரி: தெய்வசிகாமணி. தாய்: ராணி. குட்டிகள் ஐந்து. பின்விளைவு: மூன்றாவது குட்டி இறப்பு, தாய் நசுக்கியது.

என் கையெழுத்துதான். மற்ற வரிகளைவிடத் தெளிவாக எழுதியிருக்கிறேன்.

நடந்ததை எழுதிவிடுகிறேன். அன்று கோமாரித் தடுப்பூசி முகாமுக்கு ஜீப் காத்துக்கொண்டிருந்தது, டிரைவர் இரண்டு முறை ஹார்ன் அடித்துவிட்டான். கடைசி மூன்று குட்டிகளுக்கும், வெட்டிய இடத்தில் ரத்தம் நிற்கக் கட்டும் நூலை அவசரமாக முடிச்சுப் போட்டேன். ஒரு முடிச்சு நழுவும் முடிச்சு. போடும்போதே விரலுக்குத் தெரிந்தது. தெரியவில்லை என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன், ஆனால் தெரிந்தது. மறுநாள் காலை கூப்பிட்டார்கள். குட்டி வெளுத்துக் கிடந்தது. சாக்கில் ரத்தம் அதிகமில்லை, ராணி நக்கி நக்கிச் சுத்தம் செய்துவிட்டிருந்தாள். நூல் அவிழ்ந்து அவள் மீசையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

“என்ன ஆச்சுங்க டாக்டர்?” என்று கேட்டார்.

“மேல படுத்துட்டா போலிருக்குதுங்க” என்றேன். எனக்கு அப்போது நாற்பது வயது. பதவி உயர்வுக் கோப்பு மேலிடத்தில் இருந்தது. இது காரணமா என்று இப்போதும் தெரியவில்லை. பயம் என்று சொன்னால் போதும்.

அடுத்த வாரம் போனபோது ராணி இல்லை. “குட்டியைக் கொன்னவளை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?” என்றார். மீதி நான்கையும் அவளிடமிருந்து பிரித்துப் புட்டிப்பாலில் வளர்த்துக்கொண்டிருந்தார். அவளை உடுமலை ரோட்டில் ஒரு நூற்பாலை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டாராம். மடியில் பால் கட்டியிருந்திருக்கும். அதை நான் கேட்கவில்லை.

நாலரைக்கு மரகதம் எழுந்து வந்தாள். மேசையில் பதிவேட்டைப் பார்த்தாள். எந்தப் பக்கம் என்றும் பார்த்திருப்பாள்.

“அந்த முகாமுக்கு மறுநாளு நீங்க சாப்பாட்டுக் கேரியரைத் தொறக்காமயே கொண்டாந்தீங்க. நான் ஒண்ணும் கேக்கலை” என்றாள். “இப்பவும் கேக்கலை. பழம் நல்லா இருக்குது, எந்தக் கடையில வாங்குனீங்க?”

ஜூலை 20, ஞாயிறு

கத்தரி, நூல், டிஞ்சர், பஞ்சு. எல்லாவற்றையும் பட்டியல்படி எடுத்துக்கொண்டுதான் போனேன். போய்ச் சொல்வேன் என்று உறுதியாக இருந்தேனா, வெட்டிவிட்டு வந்துவிடலாம் என்றிருந்தேனா, நேர்மையாகச் சொன்னால் தெரியாது.

தோட்டத்து வீட்டு முன்னறையில் தெய்வசிகாமணி பலகை போட்டு வைத்திருந்தார். வெந்நீரில் கத்தரி கொதித்தது. மேனகாவைப் பின்னால் கட்டிவிட்டார்கள். முதலில் எடுத்த குட்டியை அவர்தான் பிடித்தார், அன்று நான் மூச்சுக் கொடுத்த பெண் குட்டி. எப்போதும் அவர்தான் பிடிப்பார். பெரிய கைகள். குட்டி அதில் பாதிதான் இருந்தது.

வாலை விரலால் நீவி மூட்டை எண்ணினேன். ஒன்று, இரண்டு. குட்டி என் கட்டைவிரலைச் சப்பத் தொடங்கியது.

“குளுருதாட்ட இருக்குது. சீக்கிரம் முடிங்க” என்றார்.

“குளிர் இல்லீங்க.”

“என்னங்க?”

“கத்தறது. குளிருக்கு இல்லை. வலிக்குத்தான். எனக்கு முப்பது வருசமாத் தெரியும்.”

அவர் சிரித்தார். “கூட்டத்துல அப்படிச் சொல்லிப்போடாதீங்க சாமி!”

அதன்பின் நிறுத்த முடியவில்லை. மூன்றாவது குட்டி, ஜீப், முடிச்சு, சட்டைப் பையில் போட்ட நூல் எல்லாவற்றையும் சொன்னேன். வரிசையாகச் சொன்னேனா என்பது ஐயம். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பலகையில் இருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்ப ராணி?” என்றார்.

“ராணி ஒண்ணும் பண்ணலீங்க.”

“நசுக்கலையா?”

“இல்லை.”

குட்டியைக் கொண்டுபோய்ப் பெட்டியில் விட்டார். மேனகாவை அவிழ்த்துவிட்டார். திரும்பி வந்து அடுப்பை அணைத்தார். என் கத்தரியைத் துணியால் துடைத்துப் பையில் வைத்து, பையின் வாயைக் கட்டி என் கையில் கொடுத்தார்.

“கார் சொல்றேன். நீங்க வீட்டுக்குப் போங்க.”

குரலே இல்லை அவருக்கு. அவர் திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 22, செவ்வாய்

குட்டிகளுக்கு ஐந்தாம் நாள். அங்கே என்ன நடந்தது என்று தெரியாது. போன் வரவில்லை.

ஜூலை 25, வெள்ளி

ரத்த அழுத்தம் 150/92. காற்றில் முருங்கைக் கிளை ஒடிந்து பக்கத்து வீட்டுச் சுவரில் விழுந்தது. ஆள் வைத்து வெட்டினோம்.

நான்கு முறை போனைக் கையில் எடுத்தேன். என்ன சொல்வது என்று ஒரு தாளில் எழுதியும் வைத்தேன். “வணக்கம், நான்தான்” என்பதற்கு மேல் அந்தத் தாளில் எதுவும் உருப்படியாக இல்லை.

“கூட்டத்துக்குப் போகாம இருந்துக்கலாமல்லங்க? உடம்புக்கு முடியலைன்னா யாரு கேக்கப் போறாங்க?” என்றாள் மரகதம்.

“உடம்புக்கு ஒண்ணுமில்லையே.”

“அதுக்குத்தான் சொல்றேன். பொய் சொல்ல இது ஒரு நல்ல சமயம்.” என் சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள். நான் போவேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே.

ஜூலை 28, திங்கள்

கல்யாண மண்டபம். இருநூறு பேர் இருக்கலாம். சங்கத்தார் முன் மூன்று வரிசை. தெய்வசிகாமணி இரண்டாவது வரிசை ஓரத்தில். என்னைப் பார்த்தார், தலை அசைக்கவில்லை.

சங்கத் தலைவர் நன்றாகப் பேசினார். “பெத்த பிள்ளைக்கே காது குத்தறோம், அது அழுகுது, நாம கெடா வெட்டிச் சோறு போடறோம். அதுக்கும் தடை போடுவீங்களா?” கைதட்டல் அடங்க நேரமாயிற்று. வால் நீண்ட குட்டியை வாங்க ஆளில்லை, வளர்ப்பவர்கள் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். அதுவும் நியாயமான கேள்விதான்.

டாக்டர் ஷபானா எழுந்து, குட்டி வலியை உணர்கிறது என்பதற்கான ஆய்வுகளைச் சொன்னார். பின்வரிசையில் ஒருவன் ஊளையிட்டான். சிரித்தார்கள். அவர் தாளைப் புரட்டிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

“டாக்டர் குழந்தைவேலு” என்று என் பெயரைக் கூப்பிட்டார்கள். முன் மூன்று வரிசையும் கைதட்டியது. ஒரு ஜோடிக் கை மட்டும் தட்டவில்லை.

எழுதிக்கொண்டு போன தாளை எடுக்கவில்லை. என்ன சொன்னேன் என்று நினைவிலிருந்து எழுதுகிறேன்:

“என் கையில் ஒரு குட்டியும் சாகவில்லை என்று சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ஒன்று செத்தது. என் முடிச்சால் செத்தது. தாய் நாய் மேல் பழியைப் போட்டுவிட்டு முகாமுக்குப் போனேன். மற்றவை பிழைத்தன, உண்மைதான். ஆனால் அவற்றுக்கு வலிக்கவில்லை என்று சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இருந்ததில்லை. அப்படிச் சொன்னால் எனக்கு வேலை சுலபமாக இருந்தது. நீங்களும் நம்பினீர்கள்.”

“டாக்டர் எந்தக் கட்சிங்க?” என்று ஒரு குரல்.

“தடை வரட்டும் என்கிற கட்சி. ஆனால் வெறும் தண்டனை மட்டும் போட்டால் அரிவாளும் ரப்பர் பேண்டும்தான் வரும். அதைப் பார்த்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். அதற்கும் ஒரு வழி எழுதுங்கள்.”

உட்கார்ந்தேன். நாற்காலி கொஞ்சம் தள்ளி இருந்ததால் விளிம்பில்தான் உட்கார முடிந்தது. திரும்பிப் பார்த்தபோது இரண்டாவது வரிசை ஓரம் காலியாக இருந்தது.

ஜூலை 29, செவ்வாய்

சங்கத்திலிருந்து ஒருவர் போனில் கூப்பிட்டுத் துரோகி என்றார். மரகதம் போனை வாங்கி, “ஆமாங்க, சொல்லிடறேன்” என்று பணிவாகச் சொல்லி வைத்தாள்.

ஜூலை 31, வியாழன்

காலை பத்து மணி. செருப்புச் சத்தம் முதலில் வந்தது. குரல் வரவில்லை. தெய்வசிகாமணி வாசலில் நின்றார்.

“கார்ல ஏறுங்க.”

எங்கே என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. மரகதம் என் மூக்குக் கண்ணாடியைக் கொண்டுவந்து சட்டைப் பையில் வைத்தாள். அவரே ஓட்டினார். உடுமலை ரோட்டில் வெகுதூரம் போன பிறகுதான் பேசினார்.

“போன வாரத் திங்கக்கிழமை, நீங்க தோட்டத்துல இருந்து போன மறுநாளு, ஒரு கம்பவுண்டரைக் கூப்பிட்டேன். குட்டிக்கு அட்வான்ஸ் வாங்கியாச்சு பாருங்க, ரோசம் வேற. ரெண்டு குட்டிக்குப் பண்ணான்.” கியர் மாற்றினார். “ரெண்டோட போதும்னு அனுப்பிச்சுட்டேன். அந்தச் சத்தம் இருக்குதே டாக்டர்… இத்தனை வருசம் கையில பிடிச்சுக்கிட்டு நின்னவன் நானு. எனக்குக் கேட்டதே இல்லையே.”

“நான் சொன்னதை நம்பினீங்க.”

“நம்பறதுக்கு எனக்கும் சவுரியமா இருந்துச்சு.”

துருப்பிடித்த பெரிய கேட்டின் முன் காரை நிறுத்தினார்.

நூற்பாலை மூடிப் பல வருடமாகிறது. பின்னால் தொழிலாளர் வரிசை வீடுகள், சில வீடுகளில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டு நாளாக அலைந்து விசாரித்து அந்த வாட்ச்மேன் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். வாட்ச்மேன் இறந்துவிட்டார். அவர் மனைவி மாராத்தாள் இருந்தார். எழுபது வயதிருக்கும். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

தெய்வசிகாமணி தான் யார் என்று சொன்னார். நாய் என்றதும் அந்த அம்மாவுக்கு நினைவு வந்துவிட்டது.

“ராணியா! அட, கறுப்பு நாயி. வந்த அன்னிக்கு மடி கல்லாட்டக் கட்டிக் கெடந்துச்சுங்க. நான்தான் வெந்நி ஒத்தடம் கொடுத்துப் பாலைப் பீச்சி விட்டேன். எட்டு வருசம் இருந்துச்சு எங்ககிட்ட.”

“அது குட்டி போட்டுச்சுங்களா?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. தெய்வசிகாமணி திரும்பச் சத்தமாகக் கேட்டார்.

“ரெண்டு ஈத்துங்க. தெருநாயிகூடச் சேந்துக்கிச்சு. கழிவுப் பஞ்சு மூட்டைக்கு அடியில ஆறு குட்டி போட்டுச்சு. அம்மாடி, ஒரு மாசம் யாரையும் அண்ட விடலையே! எங்க வீட்டுக்காரரு போனாக்கூட உறுமும். படுக்கறப்ப மொதல்ல மூக்கால ஒவ்வொண்ணையும் தள்ளி விட்டுட்டு, சுத்திச் சுத்தி வந்து, அப்புறந்தான் படுக்கும். ஆறும் பொழைச்சுது. அடுத்த ஈத்து அஞ்சு, அதும் பொழைச்சுது.” அந்த அம்மா சிரித்தார். “அவரு இருந்தாரே, அந்தக் குட்டிகளைப் பாத்துட்டு ஒரு நாளெல்லாம் யோசனை. ஆத்தாளுக்கு வாலே இல்லையே, குட்டிக்கு எல்லாம் வாலு எப்படிடி வந்துச்சுன்னாரு. நாயிக்கு வாலு வெட்டுவாங்கன்னு அவருக்குத் தெரியாதுங்க. ஆண்டவன் கொடுத்ததுன்னு கும்புட்டாரு.”

தெய்வசிகாமணி பெரிதாகச் சிரிக்க ஆரம்பித்தார், அவருடைய பழைய சிரிப்பு. பாதியில் அது வேறாகிவிட்டது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் அவர் பக்கத்தில் நின்றேன். தோளில் கை வைக்கலாமா என்று தெரியவில்லை. வைத்தேன். தட்டிவிடவில்லை.

“என்னத்துக்குங்க இத்தனை வருசங் கழிச்சு அதைக் கேட்டுட்டு வர்றீங்க?” என்றார் மாராத்தாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் தெய்வசிகாமணி முந்திக்கொண்டார்.

“நாங்க ரெண்டு பேரும் அதுக்கு ஒரு தப்புப் பண்ணிட்டமுங்க.”

அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முறத்தை ஓரமாக வைத்துவிட்டு, கட்டிலில் கிடந்த துணிகளை ஒதுக்கி உட்காரச் சொன்னார். காபி வைக்கிறேன் என்று உள்ளே போனார்.

உட்கார்ந்தோம். கட்டில் சிறியது, தோள்கள் இடித்துக்கொண்டன. உள்ளே ஸ்டவ் பற்றவைக்கும் சத்தம் கேட்டது.

“டாக்டருக்குச் சக்கரை போட்டுடாதீங்க அம்மணி” என்று தெய்வசிகாமணி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.